சிறுவயதில் உயிராக நேசித்த, விலங்குகள் பேசும் கதைப் புத்தகத்தை இந்த வயதில் மீண்டும் படித்தால் ஏமாற்றமாக இருக்குமா?

எந்தப் புத்தகம் என்று கேட்டவர் சொல்லவில்லை. நானே ஊகித்துக்கொள்கிறேன்: வீட்டை ஒதுக்கும்போது புத்தகம் கையில் கிடைத்திருக்கிறது, பிள்ளைகளிடம் அதைப் பற்றிப் பெருமையாகப் பேசியும் விட்டீர்கள், இப்போது திறக்கப் பயமாக இருக்கிறது. படியுங்கள். எனக்கு என்ன ஆனது என்று சொல்கிறேன், பிறகு உங்கள் பாடு.

நான் இலக்கியம் படித்தவள் அல்ல. ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் 22 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். "பஞ்சதந்திரம் இருக்கும்போது வெள்ளைக்காரனின் எலிக்கதைதானா கிடைத்தது" என்று கீழே ஒருவர் கேட்பார். பஞ்சதந்திரமும் படித்திருக்கிறேன் ஐயா. எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது இந்தப் புத்தகம். வந்து சேர்ந்ததைப் படிக்கிற வீடு அது.

புத்தகம், கென்னத் கிரஹாம் எழுதிய 'தி விண்ட் இன் தி வில்லோஸ்'. 1908-ல் வெளிவந்தது. கிரஹாம் இங்கிலாந்து வங்கியில் செயலாளராக இருந்தவர். மகனுக்கு இரவில் சொன்ன கதைகளையும், ஊரில் இல்லாதபோது அவனுக்கு எழுதிய கடிதங்களையும் சேர்த்துத்தான் இதைப் புத்தகமாக்கினார். அந்த மகன் 1920-ல், இருபது வயது நிறையச் சில நாட்களே இருக்கும்போது, ரயில் பாதையில் இறந்துபோனான். இதெல்லாம் இப்போது தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்தவை ஒரு மூஞ்சூறு, ஒரு தண்ணீர் எலி, ஒரு வளைக்கரடி, ஒரு தேரை.

என் அம்மா ஒரு மருத்துவமனையில் துணி துவைத்தாள். குமரி மாவட்டத்தில் புதுக்கடை என்ற ஊர்ப் பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கட்டிடத்தின் பின்னால் சிமெண்டுத் தொட்டி, பக்கத்தில் துவைகல், கறை படிந்த விரிப்புகளைச் சோடாக்காரம் போட்டு அவிக்க ஒரு பெரிய அண்டா. வெளிநாட்டிலிருந்து வந்து சில வருடம் இருந்த நர்ஸ் ஒருவர், ஊருக்குத் திரும்பும்போது ஒரு அட்டைப்பெட்டி நிறையச் சாமான்களை அம்மாவிடம் கொடுத்தார். இரண்டு கம்பளிச் சட்டைகள் (எங்கள் ஊர் வெயிலுக்கு!), ஒரு டார்ச் லைட், அடியில் இந்தப் புத்தகம். ஷெப்பர்ட் வரைந்த படங்கள் உள்ள பதிப்பு. நான் ஒன்பதாம் வகுப்பு, தமிழ் வழி. லிஃப்கோ அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கோடை விடுமுறை முழுவதும் படித்தேன். ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆன நாட்கள் உண்டு.

ஒரு அத்தியாயத்தை மட்டும் படிக்கவில்லை. அதில் கொம்பும் ஆட்டுக்கால் குளம்பும் உள்ள ஒருவர் புல்லாங்குழல் ஊதுகிறார். ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போகிற பிள்ளை நான். கொம்பும் குளம்பும் யாருக்கு உண்டு என்று ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பக்கங்களைச் சேர்த்து நூலால் கட்டிவிட்டேன். இப்போது படித்தேன். காணாமல் போன நீர்நாய்க் குட்டியை இரவெல்லாம் காவல் காத்த காட்டுத் தெய்வம் அது. எங்கள் ஊர் மாடன்களைத் தெரிந்தவர்களுக்குப் புதிதாகவே இருக்காது.

சாயங்காலம் அம்மா வந்ததும் அன்றைய பக்கங்களைத் தமிழில் சொல்வேன். அம்மா திண்ணையில் உட்கார்ந்து கைவிரல்களுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே கேட்பாள். காரமும் பிளீச்சிங் பவுடரும் தின்ற விரல்கள். நகக்கண்கள் எப்போதும் வெளுத்து, ஓரம் பிளந்து இருக்கும். எண்ணெய் பட்டதும் பல்லைக் கடித்துக்கொள்வாள். கதையில் அம்மாவுக்குப் பிடித்தது தேரை. பணக்காரத் தேரை. பெரிய மாளிகை, கார்ப் பைத்தியம், வாய் நிறையப் பெருமை. "தேரை விழுந்த தேங்காயில் என்ன இருக்கும் மக்களே, குலுக்கினால் சத்தம்தான் வரும்" என்பாள்.

தேரை கார் திருடி மாட்டிக்கொள்கிறது. தண்டனைக் கணக்கு எனக்கு இன்றும் மனப்பாடம்: திருட்டுக்கு ஒரு வருடம், கண்மண் தெரியாமல் ஓட்டியதற்கு மூன்று, போலீஸ்காரரிடம் வாய் பேசியதற்குப் பதினைந்து. ஆக 19. முழு எண்ணாக இருக்கட்டும் என்று 20. கணக்கு எழுதப் போனதற்கு இந்த நீதிபதியும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சிறையிலிருந்து தேரை எப்படித் தப்புகிறது என்பதில்தான் எனக்குச் சிக்கல். சிறைக்காவலரின் மகளுடைய அத்தை, கைதிகளின் துணி துவைப்பவள். அவளுடைய கவுனையும் தொப்பியையும் விலைக்கு வாங்கி மாட்டிக்கொண்டு, சலவைக்காரியாக வேடமிட்டு வெளியே வருகிறது தேரை. வழியெல்லாம் சலவைக்காரி என்றால் ஒரு நையாண்டி. அந்த இடம் வந்த அன்று, அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்திருக்க, எனக்கு நாக்கு எழவில்லை. "வேலைக்காரியாக வேடம் போட்டது" என்று சொன்னேன். கடைசிவரை வேலைக்காரி என்றே சொல்லி முடித்தேன்.

அம்மாவின் மனம் நோகக்கூடாது என்று செய்ததாகத்தான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன ஜூன் மாதம், மழைக்காலத்தில், அந்தப் புத்தகம் மீண்டும் கையில் வந்தது. எங்கள் மாவட்டத்தில் புத்தகம் வைத்திருப்பது ஒரு பெரும் பாடு. தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. நடுவில் மிச்சம் இருக்கும் மாதங்களைச் செல்பூச்சி பார்த்துக்கொள்ளும். படங்கள் எதிர்ப்பக்கத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தன. வளைக்கரடியின் மூஞ்சியில் பாதி, மூஞ்சூறின் வயிற்றில் இருந்தது. அம்மாவுக்கு இப்போது 73. கண்ணில் அறுவை சிகிச்சை ஆகி, டிவி பார்க்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். "அந்தத் தேரைக் கதையைச் சொல்லேன்" என்று அவளே கேட்டாள்.

முதல் சில நாட்கள் சுகமாகப் போயின. டிசம்பர் இரவில் மூஞ்சூறு தன் பழைய வளையின் வாசனையை மோந்து பிடித்து நடுவழியில் அழுகிற அத்தியாயம், எலிக்குஞ்சுகள் வாசலில் வந்து கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடுகிற இடம், எல்லாம் அப்படியே இருந்தன. கேரல் பாட வருகிற எங்கள் சபைப் பையன்களைப் போலவே அந்த எலிகளும் யார் முதலில் பாடுவது என்று ஒன்றையொன்று இடித்துக்கொள்கின்றன.

சலவைக்காரி வேடத்தில் தேரை கால்வாய்க் கரைக்கு வந்து சேர்கிறது. குதிரை இழுத்துப் போகிற படகு ஒன்று, அதை ஓட்டுகிற ஒரு குண்டு அம்மாள். இங்கே ஒரு நிமிடம் நிறுத்துகிறேன். கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கால்வாயைப் படிக்கும்போதெல்லாம் என் மனதில் வந்தது எங்கள் ஏ.வி.எம். கால்வாய். இது சினிமாக் கம்பெனியின் பெயர் இல்லை. அனந்த, விக்டோரியா, மார்த்தாண்ட என்று மூன்று பெயர்களைத் தாங்கி, திருவிதாங்கூர் காலத்தில் 1860-ல் வெட்டத் தொடங்கிய கால்வாய். திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரை நீர்வழி வேண்டும் என்பது திட்டம். பூவாற்றிலிருந்து தேங்காய்ப்பட்டணம், குளச்சல் வழியாக மண்டைக்காடு வரை வந்தது, அதற்கு மேல் போகவில்லை. அம்மா பிறந்தது அதன் கரையில். தேங்காயும் கதம்பையும் (தேங்காய் மட்டை) ஏற்றிய வள்ளங்கள் வீட்டு வாசலில் போவதைப் பார்த்து வளர்ந்தவள். இன்று போய்ப் பாருங்கள். சில இடங்களில் சாக்கடை, சில இடங்களில் ஆகாயத்தாமரை, சில இடங்களில் மதில் கட்டி யாரோ வாழை வைத்திருக்கிறார்கள். தேர்தல் வந்தால் தூர்வாரும் பேச்சு வரும், தேர்தல் போனால் பேச்சும் போகும். கலெக்டர் அலுவலகத்துக்கு நானே இரண்டு மனு எழுதியிருக்கிறேன். தேம்ஸ் கரையில் ஓர் எலி படகு விட்டதற்கு நூறு வருடம் கழித்தும் ஊரே போய்ப் பார்க்கிறது. எங்கள் கால்வாயில் மனிதர்களே வள்ளம் ஊன்றியதற்கு ஒரு பெயர்ப்பலகைகூடக் கிடையாது. சரி, விடுங்கள்.

படகு அம்மாள் தேரையை ஏற்றிக்கொள்கிறாள். சலவைக்காரிதானே, கூலியாக என் துணிகளைத் துவைத்துக் கொடு என்று ஒரு குவியலைக் காட்டுகிறாள். இந்த இடத்தில் வாயில் 'வேலைக்காரி' வந்து நின்றது. முப்பத்து மூன்று வருடப் பழக்கம். எனக்கே அருவருப்பாக இருந்தது. "சலவைக்காரி" என்று சரியாகவே படித்தேன்.

தேரை சோப்பைத் தவறவிடுகிறது, ஐம்பதாவது முறையாகத் தவறவிடுகிறது. அடிக்கிறது, குத்துகிறது, துணி அழுக்காகவே இருக்கிறது. முதுகு வலிக்கிறது. கைகள் சுருங்குவதைப் பார்த்துக் கலங்குகிறது, அதற்குத் தன் கைகளின் மேல் அவ்வளவு பெருமை. படகு அம்மாள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். நீ வாழ்நாளில் ஒரு கரித்துணிகூடத் துவைத்ததில்லை என்கிறாள். தேரைக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வருகிறது. நான் சலவைக்காரியா, நான் யார் தெரியுமா, பேர் பெற்ற, மரியாதைப்பட்ட தேரை என்று கத்துகிறது.

இதைச் சத்தமாகப் படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. ஒன்பதாம் வகுப்பில் என்னை 'வெளுப்புக்காரி மகள்' என்று கூப்பிடுவார்கள். நான் சொன்ன பதில் நினைவுக்கு வந்தது. "நாங்கள் அந்த ஆட்கள் இல்லை. என் அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் வேலை." அந்த வகுப்பில், எனக்கு இரண்டு பெஞ்சு பின்னால், உண்மையிலேயே சலவைத் தொழில் செய்கிற குடும்பத்துப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவள் காதிலும் விழுந்திருக்கும். தேரைக்காவது படகு அம்மாள் ஒருத்தி இருந்தாள், காலைப் பிடித்துத் தூக்கித் தண்ணீரில் வீச. என்னை யாரும் வீசவில்லை. எல்லோரும் நான் சொன்னதை ஒப்புக்கொண்டார்கள்.

"எதிலும் சாதியைத் தேடுகிறாள்" என்று எழுதப் போகிறவர் எழுதிக்கொள்ளட்டும். தேடவில்லை, பதின்மூன்று வயதில் என் வாயில் இருந்தது அது. இன்னொரு பக்கமிருந்து, "சலவைக்காரியைக் கேலி செய்கிற புத்தகத்தை ஏன் தூக்கிப் பிடிக்கிறாய்" என்றும் கேட்கலாம். கேலி இருக்கிறதுதான். ஆற்றங்கரை நண்பர்கள் அத்தனை பேரும் ஆண்கள், வேலைக்குப் போக வேண்டாத சீமான்கள். காட்டில் வாழ்கிற கீரிச்சாதிப் பிராணிகள் எல்லாம் போக்கிரிகள். சிறுவயதில் இது ஒன்றும் கண்ணில் படவில்லை, இப்போது பட்டது.

நான் நிறுத்தியதும் அம்மா கறுப்புக் கண்ணாடியோடு என் பக்கம் திரும்பினாள். "சலவைக்காரியா? அப்போது வேலைக்காரி என்றாயே?"

மாற்றிச் சொன்னதாக ஒப்புக்கொண்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அம்மா சிரிக்கத் தொடங்கினாள். கண்ணுக்கு ஆகாது, சிரிக்காதே என்றால் கேட்கவில்லை. "அதுதானே பார்த்தேன்! வேலைக்காரிக்கு எதற்கு இவ்வளவு துணி என்று அப்போதே யோசித்தேன். கெடுத்துவிட்டாயே மக்களே. துவைக்கத் தெரியாதவன் சலவைக்காரி வேடம் போட்டு மாட்டிக்கொள்வதுதானே இதில் சிரிப்பே. கையைப் பார்த்தால் தெரியாதா?" தன் கையை நீட்டிக் காட்டினாள். வேலையை விட்டுப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. நகங்கள் இன்னும் அதே வெள்ளை. அந்த இடத்தை மறுபடியும் படிக்கச் சொன்னாள். சோப்புத் தவறும் வரியை மூன்று முறை படிக்க வேண்டியிருந்தது. மூன்றாவது முறை, நனைத்த துணியை எந்தப் பக்கம் மடித்துப் பிடித்திருந்தால் சோப்பு நழுவியிருக்காது என்று தேரைக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

அவள் சிரித்ததால் நான் செய்தது சரியாகிவிடாது. பின் பெஞ்சுப் பெண்ணிடம் போய்ப் பேச எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. மார்த்தாண்டம் சந்தையில் எப்போதாவது எதிரே வருவாள். சுகம் விசாரித்துக்கொள்வோம்.

கடைசி அத்தியாயம் முடிந்ததும் அம்மா ஒரு கேள்வி கேட்டாள். "துணி கொடுத்த அந்த சலவைக்காரிக்கு என்ன கிடைத்தது?"

புத்தகத்தின் முடிவைப் புரட்டினேன். சிறைக்காவலர் மகளுக்கு முத்துப் பதித்த லாக்கெட்டும் தங்கச் சங்கிலியும் போகின்றன. ரயில் ஓட்டுநருக்கு நன்றியும் நஷ்டஈடும். வளைக்கரடி வற்புறுத்தியதால் படகு அம்மாளுக்குக்கூட அவளுடைய குதிரையின் விலை போய்ச் சேர்கிறது. சலவைக்காரியின் பெயரே இல்லை. எனக்குச் சுருக்கென்றது. பார்த்தாயா, அவளுக்கு மட்டும் ஒன்றுமில்லை என்றேன். பிறகு ஒரு சந்தேகத்தில் சிறை அத்தியாயத்துக்குத் திரும்பிப் போனேன். பேரம் நடக்கும்போதே தங்க நாணயங்கள் மேஜைமேல், அவள் கண்ணில் படும்படி வைக்கப்பட்டிருக்கின்றன.

"அப்போதே ரொக்கமாக வாங்கிவிட்டாளா?" என்றாள் அம்மா. "அப்படியானால் சரி. அவள் விவரமானவள்."