அந்த ஐந்தாவது மஞ்சள் பட்டை

கேள்வி: அமெரிக்க ராணுவத்துக்காகச் செய்த பழைய வால்வு ஆசிலோஸ்கோப் (மின் அலையைத் திரையில் காட்டும் கருவி) ஒன்று காயலான் கடையில் கிடைத்தது. உள்ளே ஒரு பழுப்பு ரெசிஸ்டரில் (மின்தடையில்) மஞ்சள், ஊதா, சிவப்பு, தங்கம், மஞ்சள் என ஐந்து பட்டைகள். கணக்குப் போட்டால் 47.2 ஓம் வருகிறது. இருந்த இடத்திலேயே மீட்டர் வைத்தால் 5.4 கிலோ ஓம். எது சரி? மாற்றிவிடலாமா?
– திருச்சி வாசகர்

பதில்: இரண்டுமே இல்லை. பட்டைகள் சொல்லும் மதிப்பு 4.7 கிலோ ஓம்.

பட்டையின் ஒவ்வொரு நிறமும் ஒரு எண்ணைக் குறிக்கும். ஐந்து பட்டை என்றதும், முதல் மூன்றும் இலக்கம், நான்காவது பெருக்கும் எண் என்று இந்தக் காலத்து மெட்டல் ஃபிலிம் (உலோகப் படல) ரெசிஸ்டர் கணக்கைப் போட்டுவிட்டீர்கள். 47.2 என்று வழக்கமான வரிசையில் ஒரு மதிப்பே கிடையாது. அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். உங்களுடையது கார்பன் காம்போசிஷன், அதாவது கரிக் கலவையில் செய்த பழைய வகை. முதல் நான்கு பட்டையை மட்டும் படியுங்கள்: 4, 7, இரண்டு சுழி, டாலரன்ஸ் (மதிப்பு கூடவோ குறையவோ இருக்கக்கூடிய அளவு) 5 சதவீதம். கடைசிப் பட்டை ராணுவத்துக்கு வேண்டிய கணக்கு. ஆயிரம் மணி நேர ஓட்டத்தில் எத்தனை சதவீதம் பழுதாகலாம் என்பது. பழுப்பு 1, சிவப்பு 0.1, ஆரஞ்சு 0.01, மஞ்சள் 0.001.

வெட்கப்படாதீர்கள். ரிச்சி தெருவில் வேலை பழகியபோது நானும் இப்படித்தான் நல்ல ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டு 47 ஓம் வைத்தேன். புகை வந்த பிறகுதான் முதலாளி பட்டைக் கணக்கைச் சொல்லித் தந்தார், திட்டோடு சேர்த்து.

சரி, மீட்டர் ஏன் 5.4 காட்டுகிறது? இந்த வகை ரெசிஸ்டர் வருஷக்கணக்கில் ஈரத்தைக் குடித்து மதிப்பு ஏறிவிடும். 5 சதவீதத்துக்கு 4.935 வரைதான் இடம் உண்டு. போர்டில் வைத்தே அளந்தால் பக்கத்துப் பாதைகள் சேர்ந்து மதிப்பைக் குறைத்துத்தான் காட்டும், கூட்டிக் காட்டாது. மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கண்டன்சர்களில் சார்ஜ் மிச்சமில்லாமல் அளந்திருந்தால், உங்கள் ரெசிஸ்டர் ஏறியது உறுதி. கழற்றிப் பார்த்தால் 5.4-ஐவிடக் கூடவே இருக்கலாம்.

இதைவிடப் பழைய, 1930களின் சிக்னல் ஜெனரேட்டர் (சோதனைக்கு மின் அலை தரும் கருவி) கிடைத்தால், அதன் ரெசிஸ்டர்களில் பட்டையே இராது. உடம்பின் நிறம் முதல் இலக்கம், முனை இரண்டாவது, நடுப்புள்ளி சுழிகளின் எண்ணிக்கை. பச்சை உடம்பு, கருப்பு முனை, மஞ்சள் புள்ளி என்றால் 500 கிலோ ஓம். புள்ளியைக் காணோமா? அதுவும் உடம்பின் நிறம்தான் என்று கொள்ளுங்கள்.

உங்கள் ரெசிஸ்டரை மாற்றலாம். வாட்ஸ் மட்டும் பார்த்து வாங்காதீர்கள். வால்வு சர்க்யூட்டில் வோல்டேஜ் தாங்குமா என்றும் கேளுங்கள். இன்றைய குட்டிக் கால் வாட் ரெசிஸ்டர்கள் பல 250 வோல்ட்டோடு சரி.