கேள்வி-பதில்: எரர் கரெக்சன் கடையில் விற்கிற சாமானா?

கேள்வி: கிளிநொச்சியில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கலியாண வீடு, சாமத்திய வீடு, கோயில் திருவிழா என்று ஏழு வருட வீடியோக்கள் ஒரு 2 டெராபைட் ஹாட் டிஸ்க்கில் கிடக்கின்றன. கொஞ்ச நாளாகச் சில ஃபோல்டர்களைத் திறந்தால் கணினி அப்படியே நின்றுவிடுகிறது. கொப்பி பண்ணினால் 'சைக்ளிக் ரிடன்டன்சி செக்' என்று பிழை காட்டுகிறது. 'எரர் கரெக்சன் மென்பொருள் ஓடவிட்டால் டிஸ்க் பழையபடி வந்துவிடும்' என்று ஒரு கடைக்காரர் 18,000 ரூபா கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். முதலில் டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள், மிச்சத்தை ஆறுதலாக வாசிக்கலாம்.

பிழைதிருத்தம் (எரர் கரெக்சன்) என்பது பிறகு வாங்கிப் பூசுகிற மருந்து இல்லை. டிஸ்க் எழுதும்போதே அதற்கான ஏற்பாடு நடந்து முடிந்துவிடுகிறது. இப்போதைய டிஸ்க்குகள் தகவலை 4096 பைட் துண்டுகளாக எழுதுகின்றன. ஒவ்வொரு துண்டின் வாலிலும் சுமார் 100 பைட் திருத்தக் குறியீடு ஒட்டியிருக்கும். பழையவற்றில் 512 பைட்டுக்குச் சுமார் 50 பைட். வாசிக்கும்போது சில பிட்டுகள் மாறிவந்தால், அந்த வாலை வைத்து டிஸ்க்குக்குள் இருக்கும் சிப்பே கணக்குப் போட்டுச் சரிசெய்துவிடும். உண்மையைச் சொன்னால், புது டிஸ்க்கும் பிழையில்லாமல் வாசிப்பதில்லை. பிழையாக வாசித்து, உங்களுக்குத் தெரியாமல் திருத்தித் தருகிறது. ரீட், சொலமன் என்ற இருவர் 1960 இல் வெளியிட்ட கணக்குத்தான் நெடுங்காலம் இந்த வேலையைச் செய்தது. கீறல் விழுந்த சீடி நிற்காமல் பாடியதும் அதே கணக்கால்தான்.

ஆனால் அதற்கு ஒரு எல்லை உண்டு. ஒரு கடிதத்தின் விலாசத்தில் 'கிளிநொ–சி' என்று ஒரு எழுத்து அழிந்திருந்தால் தபால்காரர் கொண்டுவந்து தந்துவிடுவார். 'கி' மட்டும் மிஞ்சினால்? கிளிநொச்சியா, கிண்ணியாவா, கிரானா? டிஸ்க் அந்த நிலையில் ஊகித்துப் பிழையான தகவலைத் தருவதில்லை, 'வாசிக்க முடியவில்லை' என்று கையை விரித்துவிடும். நீங்கள் பார்த்த செய்தி அதுதான். டிஸ்க்குக்குள் இருக்கும் திருத்தம் தோற்ற பிறகுதான் அது திரைக்கு வருகிறது. வால் போதாமல் போன துண்டுக்கு வெளியிலிருந்து எந்த மென்பொருளும் புது வால் ஒட்ட முடியாது.

அப்படியென்றால் எல்லாம் போய்விட்டதா? இல்லை. வாசிக்கும் முனை ஒவ்வொரு தடவையும் மயிரிழை விலகித்தான் நிற்கும். பத்துத் தடவை வாசிக்காத துண்டு பதினோராவது தடவை வாசிபடலாம். அதனால் செய்யவேண்டியது திருத்தம் அல்ல, கொப்பி. டிடி ரெஸ்கியூ என்றொரு இலவச மென்பொருள் இருக்கிறது. நல்ல பகுதிகளை முதலில் அள்ளி வேறொரு டிஸ்க்கில் போட்டுவிட்டு, முரண்டு பிடிக்கும் இடங்களைக் குறித்துவைத்துக் கடைசியில் திரும்பிவந்து தட்டிப் பார்க்கும். கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "முதலில் வேறு டிஸ்க்கில் முழுக் கொப்பி எடுப்பீர்களா?" ஓம் என்றால் பேசலாம். "தேவையில்லை, இதிலேயே ரிப்பேர் பண்ணலாம்" என்றால் டிஸ்க்கைக் கையோடு வாங்கிக்கொண்டு வாருங்கள்.

விண்டோஸில் இருக்கிற, டிஸ்க்கைச் சோதித்துத் திருத்தும் செக்டிஸ்க்கையும் இப்போது ஓடவிடாதீர்கள். அது டிஸ்க்கிலேயே எழுதி மாற்றும், முழுப் பரப்பையும் உழுதெடுக்கும். நானே ஒருமுறை இரவு அதைப் போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் தேத்தண்ணியோடு வந்து பார்த்தால் 61 வீதத்தில் நிற்கிறது, டிஸ்க் 'டிக்... டிக்...' என்கிறது. அதற்குப் பிறகு அது தெரியவே இல்லை.

அந்த 'டிக்' சத்தம் உங்கள் டிஸ்க்கிலும் வந்தால் கதை வேறு. முனை பழுது. கரண்ட் கொடுக்கவே கூடாது. தூசி இல்லாத அறை வைத்திருப்பவர்தான் மூடியைத் திறக்கவேண்டும். முனைக்கும் தட்டுக்கும் இடையில் இருப்பது சில நனோமீற்றர் இடைவெளி. ஏ9 வீதிப் பக்கத்துக் கடையொன்றின் மேசையில் படிகிற செம்மண் தூசி அதற்கு முன்னால் பாறாங்கல். ஃபிறீசரில் வைத்தால் சரிவரும் என்பாரும் உண்டு. ஈரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

வீடியோ என்பதால் ஒரு ஆறுதல்: இடையில் சில துண்டுகள் போனாலும் பெரும்பாலும் ஒரு கணம் படம் கலங்கிவிட்டு ஓடும். தாலி கட்டும் நேரத்தில் கலங்காமல் இருந்தால் சரி.

கேள்வி: வவுனியாவில் பழைய கணினி ஒன்று வாங்கி முல்லைத்தீவுக்குக் கொண்டுவந்தோம். டிஸ்க்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளைப் போட்டுப் பார்த்தால் மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை காட்டுகிறது. 'அது வெறும் நம்பர்தான் தங்கச்சி' என்கிறார் விற்றவர்.

பதில்: நம்பர்தான். ஆனால் எந்த நம்பர் என்று பாருங்கள். 05 என்ற வரி, கைவிடப்பட்டு உதிரித் துண்டுக்கு மாற்றப்பட்டவற்றின் எண்ணிக்கை. சி5, வாசிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருப்பவை. சி6, திருத்தவே முடியாதவை. மூன்றுக்கும் நேரே 'ரோ வெல்யூஸ்' என்ற கடைசி நிரலில் பூச்சியம் இருக்கவேண்டும். 05 இல் சிறிய எண் மாதக்கணக்கில் அசையாமல் நின்றால் சமாளிக்கலாம். சி5 வாரத்துக்கு வாரம் ஏறினால் டிஸ்க்கை மாற்றித் தரச்சொல்லுங்கள். சி7 மட்டும் ஏறினால் டிஸ்க்கைக் குறைசொல்லாதீர்கள், பெரும்பாலும் வயர்தான். ஒரு புது வயர் போட்டால் தீரும்.

பில் இருக்கிறதா? பழைய பொருள் என்றாலும் பில் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். விற்றவர் மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம். பொருளை வாங்கி மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்கவேண்டும், தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: ஃபோர்மட் பண்ணி மேலே புதிதாக எழுதிய டிஸ்க்கிலும் அடியில் பழைய தகவலின் நிழல் இருக்குமாம். அதை எடுத்துத் தரலாம் என்று ஒருவர் சொல்கிறார்.

பதில்: 1996 இல் கட்மன் என்பவர் எழுதிய கட்டுரையிலிருந்து கிளம்பிய கதை. அது அந்தக் காலத்து டிஸ்க்குகளைப் பற்றியது. இன்றைய டிஸ்க்கில் மேலே புதிதாக எழுதினால் பழையது போனதுதான். குயிக் ஃபோர்மட் மட்டும் செய்து வேறெதுவும் எழுதாமல் வைத்திருந்தால் பெரும்பாலும் எடுத்துவிடலாம். விஸ்டா முதல் வந்த விண்டோஸ்களில் முழு ஃபோர்மட் என்றால் எங்கும் பூச்சியம் எழுதிவிடும். அந்த ஆளுக்கு முற்பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: புதிதாக வாங்கப் போகிறேன். ஒரே 8 டெராபைட்டா, இரண்டு 4 டெராபைட்டா?

பதில்: இரண்டு. விலை கொஞ்சம் கூட வரலாம், பரவாயில்லை. சாதாரண டிஸ்க்குகளுக்குத் தயாரிப்பாளர்களே சொல்லும் கணக்கு, ஒரு கோடி கோடி பிட் வாசித்தால் ஒரு திருத்த முடியாத பிழை வரலாம் என்பது. அது சுமார் 12.5 டெராபைட். பெரிய டிஸ்க்கை இரண்டு தடவை முழுதாக வாசித்தாலே அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறீர்கள். இரண்டிலும் ஒரே தகவலைப் போடுங்கள். முக்கியமானவற்றை வின்ரார் என்ற, கோப்புகளைச் சுருக்கிப் பொதியாக்கும் மென்பொருள் கொண்டு கட்டும்போது 'ரிக்கவரி ரெக்கோர்ட்' என்பதற்கு நேரே சரி போட்டு 5 வீதம் கொடுங்கள். டிஸ்க் போடுகிற வாலுக்கு மேலாக நீங்களும் ஒரு வால் போட்டது போல. பிழை வந்த பிறகு அதைச் சேர்க்க முடியாது. அப்புறம், ஒரு டிஸ்க் கடையில் இருந்தால் மற்றது வீட்டில் இருக்கட்டும், அதுவும் வயர் கழற்றி. கரண்ட் போய் வரும்போது இரண்டும் ஒரே செருகியில் கிடந்தால் இரண்டு வாங்கிய காசு வீண்.