பதினைந்து வயதுப் பொடியனுக்கு இரண்டு அடி போட்டால் திருந்துவானா?

"அண்ணாவின் மகன் ரியூசன் என்று சொல்லிவிட்டு வேறெங்கோ போகிறான். வயது 15. இரண்டு அடி போட்டால் திருந்துவானா?" என்று கேட்டிருக்கிறீர்கள். திருந்த மாட்டான் தம்பி. இன்னும் கவனமாக ஒளிப்பான். நான் அப்படித்தான் ஆனேன்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக்குக் கிளுவை வேலி. பிழை செய்தால் தடியை நாங்களே போய் முறித்துக்கொண்டு வரவேண்டும். மெல்லிய தடி சுள்ளென்று பிடிக்கும். இப்போதும் யாராவது வேலிக்குக் கிளுவைக் கதியால் வெட்டும்போது அந்த மணம் வந்தால் எனக்கு வயிறு பிசையும்.

ஆண்டு 8இல் கணிதத்துக்கு 32 புள்ளி. பள்ளிக்கூடத்தில் விரல் மொளியில் அடி, தேர்ச்சி அறிக்கையைக் காட்டியதும் வீட்டிலும் அடி. அடுத்த தவணையிலிருந்து நான் அதைக் காட்டவேயில்லை. கொப்பியின் பின்பக்கத்தில் அப்பாவின் கையெழுத்தை எழுதி எழுதிப் பழகினேன். கடைசி எழுத்துக்குக் கீழே அவர் இழுக்கும் கோடு கொஞ்சம் மேல்நோக்கிப் போகும், அதுகூடப் பிடிபட்டது. பின்னக்கணக்கு மட்டும் பிடிபடவில்லை. எனக்கு அது விளங்கவில்லை என்பதே அடித்த இருவருக்கும் கடைசிவரை தெரியாது.

அப்பா கெட்டவர் இல்லை, அவரையும் அப்படித்தான் வளர்த்தார்கள். "கண்ணை மட்டும் விட்டுவிடுங்கோ சேர்" என்று பிள்ளையை வாத்தியாரிடம் ஒப்படைத்த காலம் அது.

என் கதை மட்டும் இல்லை. 160,000 பிள்ளைகள் வரை உள்ளடங்கும் ஐம்பது வருட ஆய்வுகளை எலிசபெத் கெர்சொஃப் என்ற அமெரிக்க ஆய்வாளரும் சக ஆய்வாளர் ஒருவரும் தொகுத்து 2016இல் வெளியிட்டார்கள். அடி வாங்கிய பிள்ளைகளிடம் சொல்கேளாமை, மூர்க்கம், மனச்சோர்வு எல்லாம் கூடுதலாகவே இருந்தன. எங்கள் கல்வி அமைச்சும் அதே வருடம் 12ஆம் இலக்கச் சுற்றறிக்கையில் பாடசாலைகளில் அடிக்கக்கூடாது என்றது. அதற்குப் பிறகும் ஆசிரியர் அறைந்து ஒரு மாணவனுக்குக் காது பழுதானது. 2021இல் உச்ச நீதிமன்றம் அவனுக்கு அரசு 500,000 ரூபாவும் ஆசிரியர் 150,000 ரூபாவும் கொடுக்கவேண்டும் என்று தீர்த்தது. காசு வரும், காது வருமா?

சரி, உங்கள் பொடியனிடம் வருவோம். பாடம் விளங்காமல் இருக்கலாம், ரியூட்டரியில் யாராவது அடிக்கலாம், கூட்டாளிமார் சரியில்லாமல் இருக்கலாம். போதைப்பொருள் பயத்தில் இங்கே எல்லா வீட்டிலும் கை ஓங்குகிறது. அந்தப் பயம் எனக்கும் உண்டு, எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் அப்படி ஏதாவது இருந்தால், அடிக்குப் பயந்தவன் அதை வீட்டில் வாயே திறக்க மாட்டான்.

கண்டிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கைபேசியை வாங்கி வைக்கச் சொல்லுங்கள், ரியூசன் காசை அண்ணாவே நேரில் கொண்டுபோய்க் கட்டட்டும். நீங்கள் அவனுக்குச் சித்தப்பா, தகப்பனிடம் சொல்லப் பயப்படுவதை உங்களிடம் சொல்லக்கூடும். பின்னேரம் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பண்ணைப் பாலத்துப் பக்கம் போய்க் கடற்கரையில் கொஞ்சநேரம் இருங்கள். முதல்நாள் ஒன்றும் சொல்ல மாட்டான். அடுத்த நாளும் கூட்டிக்கொண்டு போங்கள்.