பல்கலைக்கழகத் துறையில் எம்பிஏ: சேர்க்கும் முன் எதைப் பார்ப்பது?

கேள்வி: என் மகள் பி.காம். முடித்திருக்கிறாள். டான்செட் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணுக்கு அரசுப் பல்கலைக்கழகத் துறையிலேயே எம்பிஏ இடம் கிடைக்கும் போலிருக்கிறது. ஆனால் சொந்தக்காரர்கள், "அங்கே கேம்பஸ் இன்டர்வியூ எல்லாம் பெயருக்குத்தான், தொழில்நுட்பக் கல்விக்கு ஒப்புதல் தரும் ஏஐசிடிஇயின் பட்டியலிலும் அந்தத் துறை இல்லை" என்கிறார்கள். தனியார் கல்லூரி ஒன்றில் இரண்டு வருடத்துக்கு 7 லட்சம் கேட்கிறார்கள். 6 லட்சம் கடன் வாங்கி அங்கே சேர்க்கலாமா?
- ஒரு தந்தை, விருதுநகர்

பதில்: ஏஐசிடிஇ பயத்தை முதலில் விடுங்கள். சட்டப்படி அமைந்த பல்கலைக்கழகம் தன் துறையில் தொழில்நுட்பப் படிப்பு தொடங்க ஏஐசிடிஇயின் முன் ஒப்புதல் வேண்டியதில்லை என்று 2001-லேயே பாரதிதாசன் பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ஏஐசிடிஇ சட்டத்தில் எம்பிஏ போன்ற மேலாண்மைப் படிப்பும் தொழில்நுட்பப் படிப்பு வகையில்தான் வருகிறது. தனியார் கல்லூரிக்குத்தான் அந்த ஒப்புதல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கல்வி நிறுவனங்களை மதிப்பிடும் நாக் அமைப்பு தரும் தரத்தை மட்டும் வைத்தும் முடிவெடுக்காதீர்கள். அது பல்கலைக்கழகம் முழுவதற்கும் கொடுப்பது. எம்பிஏ துறையின் நிலை அதில் தெரியாது.

வேலைவாய்ப்புக்கு, விளம்பரத்தில் வரும் "அதிகபட்ச சம்பளம்" ஒரே ஒரு மாணவருடையது. மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசைக்கு அனுப்பிய விவரங்களை ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தன் இணையதளத்தில் போட்டிருக்க வேண்டும். அதில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, நடு மதிப்புச் சம்பளம் (சம்பளங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) எவ்வளவு என்று வரிசையாக இருக்கும். இரண்டு இடத்திலும் அதை எடுத்துப் பாருங்கள். 100 பேர் முடித்து 40 பேருக்கு வேலை கிடைத்திருந்தால், அந்தச் சம்பளக் கணக்கு அந்த 40 பேருக்கு மட்டும். இன்னொன்று, அந்தத் தரவரிசையின் பல்கலைக்கழகப் பிரிவில் கொடுத்த விவரத்தில் எம்.ஏ., எம்.எஸ்சி. மாணவர்களும் கலந்திருப்பார்கள். மேலாண்மைப் பிரிவில் தனியாகக் கொடுத்திருந்தால்தான் எம்பிஏ கணக்கு பிடிபடும். இல்லையென்றால் துறையிலேயே கேளுங்கள்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஆசிரியர்கள்தான். நம் மாநிலப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் காலிப் பணியிடங்கள் வருடக்கணக்காக நிரப்பப்படவில்லை. அதனால் மகளை அழைத்துக்கொண்டு ஒரு வேலைநாளில் துறைக்கே போய்விட்டு வாருங்கள். அறிவிப்புப் பலகையில் கால அட்டவணை ஒட்டியிருக்கும். நிதி, மார்க்கெட்டிங் பாடங்களுக்கு நேராக நிரந்தரப் பேராசிரியர் பெயர் இருக்கிறதா, எல்லாமே கௌரவ விரிவுரையாளர்களா என்று பாருங்கள். இரண்டாம் ஆண்டு மாணவர்கள் இரண்டு பேரிடம், "இன்டர்ன்ஷிப் எங்கே செய்தீர்கள், துறை வாங்கிக் கொடுத்ததா, நீங்களே தேடினீர்களா?" என்று மகளே கேட்கட்டும். அந்தப் பதிலில் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

கடனுக்கு வருவோம். 6 லட்சத்தை 10.5 சதவீத வட்டியில் 7 வருடத்தில் அடைத்தால் மாதத் தவணை சுமார் 10,100 ரூபாய். படிக்கும் காலத்து வட்டியைச் சேர்த்தால் இன்னும் கூடும். தனியார் கல்லூரியின் நடு மதிப்புச் சம்பளம் பல்கலைக்கழகத் துறையைவிட மாதம் அந்த அளவுக்காவது கூடுதலாக இல்லையென்றால், கடன் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. துறையில் பாடம் நடத்த ஆள் இல்லை என்று நேரில் தெரிந்தால் மட்டும் வேறு வழி பாருங்கள். அப்போதும் இந்த 7 லட்சம்தான் வழி என்றில்லை, கலந்தாய்வில் அரசு உதவி பெறும் கல்லூரிகளும் வரும்.

"இன்றே முன்பணம் கட்டுங்கள், அசல் சான்றிதழ்களைக் கொடுங்கள்" என்று எங்காவது அவசரப்படுத்தினால் கொடுக்காதீர்கள். அசல்களைச் சரிபார்த்து உடனே திருப்பித் தர வேண்டும், கல்லூரியே வைத்துக்கொள்ளக் கூடாது என்பது யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதி.