பின்பக்கம் தூக்கிய பிக்கப்பில் ஆக்சில் முறுக்கு: கேள்வி பதில் (கேட்டவங்க பேருக்குப் பதில் ஊர் பேர்)

மண்டபம்: அண்ணே, பின்னாடி ஆக்சிலுக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் (லீஃப் ஸ்பிரிங்) நடுவுல 3 இன்ச் பிளாக் வச்சு வண்டியைத் தூக்கினேன். டிரெய்லரோட படகைக் கரையேத்தும்போது பின்சக்கரம் தடதடன்னு குதிக்குது. கிளட்ச்சை விட்டதும் 'டங்'குனு ஒரு அடி. கியர்பாக்ஸ் போச்சா?

கியர்பாக்ஸ் இல்ல தம்பி, பட்டை முறுக்குது. டயரை முன்னால தள்ளுற விசை தரையில விழுது. வண்டியைப் பிடிச்சு இழுத்துட்டுப் போற பட்டை ஆக்சிலுக்கு மேல இருக்கு. அடியில தள்ளி மேல பிடிச்சா ஹவுசிங் (ஆக்சிலோட கூடு) சுழலத்தானே பார்க்கும்? கியர்பாக்ஸ்ல இருந்து வர்ற ஷாஃப்ட் மாட்டுற பினியன் மூக்கு மேல எழும்பும். பட்டையோட முன்பாதி மேல புடைச்சு, பின்பாதி கீழ அமுங்கும். டயர் பிடி விட்டதும் பட்டை சடார்னு திரும்பும், டயர் மறுபடி பிடிக்கும், மறுபடி முறுக்கும். குதிக்கிறது இதனாலதான்.

கணக்கு சின்னது. டயர் ஆரம் 14 இன்ச், ஆக்சில் நடுவுல இருந்து பட்டை உட்காருற இடம் 3 இன்ச்னு வையுங்க, நெம்புகோல் 17 இன்ச். 3 இன்ச் பிளாக் போட்டா 20. அதே இழுவைக்குப் பட்டை மேல விழுற முறுக்கு ஏறக்குறைய 18 சதவீதம் கூடிடுது. பட்டை மட்டும் அதே பழைய பட்டை.

கண்ணால பார்க்கணும்னா முன்சக்கரங்களுக்கு முன்னால கனமான கட்டை வையுங்க. ஹேண்ட்பிரேக்கை இறக்கிடுங்க. அதைப் போட்டா ஒண்ணும் தெரியாது, ஏன்னா பின் பிரேக் அதே ஹவுசிங்லதான் மாட்டியிருக்கு, முறுக்கு அங்கேயே அடைஞ்சுபோகும். பட்டைக்கு நேரா போனைத் தரையில வச்சு வீடியோ ஓட விட்டுட்டு, முதல் கியர்ல கிளட்ச்சைக் கொஞ்சமா விடுங்க. வண்டிக்கு முன்னாலயும் அடியிலயும் ஆள் நிக்கக் கூடாது. பினியன் மூக்கு ஒரு இன்ச் எழும்பினாலே கவலைப்படணும்.

பிளாக்கை எடுத்துடுங்க. உயரத்தைப் பட்டையிலேயே கொண்டுவாங்க. ஸ்பிரிங் பட்டறையில வளைவு ஏத்தி, ஒரு பட்டை கூடுதலாப் போடச் சொல்லுங்க. அந்தப் புதுப் பட்டையோட முன்பாதி முன் கண்ணுக்கு (பட்டை முனையில சுருட்டின துளை) பக்கம் வரைக்கும் நீளணும். மூக்கு எழும்புறதை எதிர்த்து நிக்கிறது முன்பாதிதான். முன்பக்கக் கிளிப் ரெண்டும் பட்டையை இறுக்கிப் பிடிச்சிருக்கணும். கிளிப் தொளதொளன்னு இருந்தா பட்டைகள் தனித்தனியா வளையும், எத்தனை பட்டை போட்டாலும் பிரயோஜனம் கிடையாது. லோடு இல்லாம ஓட்டினா கொஞ்சம் முரட்டுத்தனமா இருக்கும், அது இதோட சேர்ந்ததுதான்.

தொண்டி: 2 இன்ச் பிளாக் பரவாயில்லையா?

ஒரே துண்டு இரும்பு பிளாக், பட்டைகளைக் கோர்க்கிற நடு போல்ட் தலை துளையில சரியா உட்கார்ந்து, பட்டையை ஆக்சிலோட கட்டுற யூ போல்ட் புதுசாப் போட்டா லேசான வேலைக்கு ஓடும். ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கவே கூடாது. முன் ஆக்சில்ல பிளாக் கூடவே கூடாது. பிரேக் பிடிக்கும்போது முறுக்கு எதிர்ப்பக்கம் வரும், பிளாக் நழுவினா ஸ்டீயரிங் உங்க கையில இருக்காது.

தேவிபட்டினம்: ஸ்கார்ப்பியோவுக்கும் இப்படித்தானா?

அதுல பின்னாடி காயில். ஆக்சிலைப் பிடிக்கிறது லிங்க் ராடுகள். ராடு முனையில இருக்கிற ரப்பர் புஷ்களைப் பாருங்க.

ஏர்வாடி: தம்பி, மீனும் ஐஸும் ஏத்துற வண்டி. தூக்கினதுல இருந்து லோடோட பின் பிரேக் சரியாப் பிடிக்கலன்னு டிரைவர் சொல்றான்.

அக்கா, இதைச் சரிபண்ணாம லோடு அனுப்பாதீங்க. உங்க வண்டியில லோடைப் பார்த்து பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கிற வால்வு இருந்தா, அதுல இருந்து ஒரு ராடு ஆக்சிலுக்குப் போகும். சேஸிஸ் உயர்ந்ததும் அது 'வண்டி காலி'ன்னு எடுத்துக்கிட்டுப் பின் பிரேக்கைக் குறைச்சிடும். தூக்கின அதே அளவுக்கு ஆக்சில்ல ராடு மாட்டியிருக்கிற பிராக்கெட்டை உயர்த்தணும். பிரேக் ஹோஸும் ஹேண்ட்பிரேக் கேபிளும் சக்கரம் முழுசாத் தொங்கும்போது இழுபடாம இருக்குதான்னும் பார்க்கச் சொல்லுங்க. ஐஸ் உருகி வடியிற உப்புத்தண்ணி நேரா பட்டை மேலதான் விழுது. வாரம் ஒருமுறை நல்ல தண்ணியில பட்டை இடுக்கைக் கழுவச் சொல்லுங்க. துருவால நடு போல்ட் அரிச்சுப்போனா ஆக்சிலே இடம் மாறும்.

கீழக்கரை (வெல்டிங் பட்டறை): இவ்வளவும் எதுக்கு? ஆக்சில்ல இருந்து சேஸிஸுக்கு ஒரு டிராக்ஷன் பார், ரெண்டு முனையும் புஷ் வச்சுப் போல்ட். முடிஞ்சுது.

முடியல அண்ணே. பட்டை வளையும்போது ஆக்சில் ஒரு வட்டத்துல நகருது, உங்க பார் வேற வட்டத்துல நகருது. ரெண்டு முனையையும் கட்டிட்டா ஒவ்வொரு பள்ளத்துலயும் ஏதோ ஒண்ணு விட்டுக்கொடுக்கணும். முதல்ல புஷ், அப்புறம் பிராக்கெட், அப்புறம் மெயின் பட்டை. பாரோட முன்முனையில ஷேக்கிள் (ரெண்டு துளையுள்ள ஆடுற இணைப்புத் துண்டு) வேணும்.

கீழக்கரை: ஷேக்கிள் ஆடுமே, அது எப்படி முறுக்கைத் தாங்கும்?

நல்ல கேள்வி. ஷேக்கிள் முன்னும் பின்னும்தான் ஆடும், மேலும் கீழும் விடாது. முறுக்கு பாரோட முன்முனையை மேலதான் தள்ளுது. அதனால ஷேக்கிளோட சேஸிஸ் துளை கீழயும் பார் துளை மேலயும் வரட்டும். இழுவையில அது விறைச்சு நேரா நிக்கும். தலைகீழா மேல இருந்து தொங்கவிட்டா அழுத்தம் வாங்கி மடங்கப் பார்க்கும். பார் ஹவுசிங்ல மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு இடத்துல பிடிக்கணும், நடுவுல 6 இன்ச்சாவது இடைவெளி வேணும். ஒத்தைப் புள்ளியில மாட்டினா அதைச் சுத்தி ஹவுசிங் சுழலும்.

நடுவுல இருக்கிற வார்ப்பு மேல பத்த வைக்காதீங்க, விரிசல் விடும். ரெண்டு பக்கத்து இரும்புக் குழாய்ல வையுங்க. ஒரே மூச்சா ஓட்டாம, ஒரு இன்ச் ஒரு இன்ச்சா மாத்தி மாத்தி, ஆற விட்டு வையுங்க, இல்லன்னா ஹவுசிங் வளையும். பேட்டரி வயரைக் கழட்டி, எர்த் கிளாம்பை அதே குழாய்ல மாட்டுங்க. பட்டை மேல மட்டும் ஒரு பொட்டு வெல்டிங்கூடப் படக் கூடாது.

ராமேஸ்வரம்: எத்தனை இன்ச் பிளாக் போடலாம்?

தொண்டிக்காரருக்குச் சொன்னதேதான்.

வாலிநோக்கம்: அரிச்சல்முனை போக 4 இன்ச் பிளாக் போதுமா?

2017-ல இருந்து அங்க தார் ரோடு. தூக்கவே வேண்டாம். மணல்ல இறங்கித்தான் ஆகணும்னா டயர் காத்தை 18 பி.எஸ்.ஐ. வரைக்கும் இறக்குங்க, மெதுவா ஓட்டுங்க, வெளிய வந்ததும் மறுபடி ஏத்துங்க. பிளாக் கேள்விக்கு ரெண்டு பேருக்கு விடை சொல்லியாச்சு, இனி அந்தக் கேள்வி வேண்டாம்.

மண்டபம்: ஆர்.டி.ஓ. பிரச்சனை வருமா?

வரலாம், வண்டியை மாத்துறதைப் பத்தி மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 இருக்கு. கம்பெனி கொடுத்த அளவை மாத்துறதுக்கு முன்னால ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேட்டுடுங்க.

கீழக்கரை: சரி, ஷேக்கிளோடயே போடுறேன். பினியன் கோணம்?

பார் மாட்டுறதுக்கு முன்னாடியே கோணத்தை முடிங்க. அப்புறம் மாத்த முடியாது. ரெண்டு கிராஸ் (மடங்குற மூட்டு) இருக்கிற ஷாஃப்ட்ல கியர்பாக்ஸ் முனையும் பினியனும் ஒண்ணுக்கொண்ணு இணையா இருக்கணும், பினியன் ஒரு டிகிரி கீழ இருக்கலாம். கோணம் சரிபண்ண சாய்வுத் தகடு போட்டா இரும்புல போடுங்க. அலுமினியம் இந்த உப்புக்காத்துல இரும்போட ஒட்டி அரிச்சுப்போகும். யூ போல்ட் புதுசு, சக்கரம் தரையில இருக்கும்போது குறுக்கு வரிசையில இறுக்குங்க, 100 கிலோமீட்டர் ஓடினதும் திரும்ப ஒருமுறை இறுக்கிடுங்க.