இன்சுலின் தரலைன்னு கேஸ் போடலாம், ஆனா அந்த ஏஜென்ட்டுக்கு காசு குடுக்காதீங்க

டெக்சாஸ் ஸ்டேட் ஜெயில்ல இருக்குற தம்பிக்கு சுகர், இன்சுலின் ஒழுங்கா வர்றதில்ல, கால் புண்ணு ஆறல, ஒருத்தர் 2,000 டாலர் குடுத்தா ஃபெடரல் கோர்ட்ல சிவில் ரைட்ஸ் கேஸ் போட்டுத் தரேங்கிறாரு, குடுக்கலாமான்னு ஒரு அக்கா கேட்டிருக்காங்க.

குடுக்காதீங்கம்மா. அவரு பேரை டெக்சாஸ் ஸ்டேட் பார் (வக்கீலுங்க பதிவு பண்ணியிருக்குற சங்கம்) வெப்சைட்ல தேடுங்க. வக்கீல் இல்லைன்னா கோர்ட்ல தம்பிக்காக நிக்கவே முடியாது, அக்காவா இருந்தாலும் உங்களாலயும் முடியாது. இந்த மாதிரி ஆளுங்க கோர்ட் வெப்சைட்ல ஓசியில கிடைக்குற ஃபாரத்தை நிரப்பி அனுப்பிட்டு காணாம போயிடுவாங்க. ஜெயிலுக்குள்ள புகார் குடுத்து முடிக்கலன்னு கோர்ட் கேஸைத் தூக்கிப் போட்டுட்டா, 350 டாலர் கோர்ட் ஃபீஸ் மட்டும் தம்பியோட ஜெயில் அக்கவுன்ட்டுக்கு வர்ற காசுல மாசாமாசம் 20 சதவீதமா போயிட்டே இருக்கும்.

கைதிங்க போடுற கேஸுக்குன்னு 1996ல வந்த சட்டம் அப்படி, ஜெயில் புகார் வழியை முடிச்சுட்டுத்தான் கோர்ட்டுக்கு வரணும். டெக்சாஸ்ல ஐ-127ங்கிற முதல் புகார் ஃபாரத்தை சம்பவம் நடந்த 15 நாளுக்குள்ள போடணும், பதில் சரியில்லன்னா அடுத்த 15 நாளுக்குள்ள ஐ-128ங்கிற மேல்முறையீட்டு ஃபாரம். காலு அழுகிட்டு இருக்குறவன் காலண்டரைப் பாத்துக்கிட்டு இருக்கணுமாம், என்ன சட்டமோ! பழைய தேதி போச்சுன்னு உக்காராதீங்க, இன்னிக்கும் ஊசி வரலைன்னா இன்னிக்குத் தேதி போட்டு எழுதச் சொல்லுங்க.

ஒரு விலக்கு இருக்கு. 2016ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் சொன்னது: புகார் வழி பேருக்குத்தான் இருக்குன்னா அதை முடிச்சே ஆகணும்னு இல்ல. ஃபாரம் கேட்டும் தரல, எழுதினா பாத்துக்குறேன்னு மிரட்டினாங்க, பொய் சொல்லி அலைக்கழிச்சாங்க, இல்ல யாருக்குமே புரியாத அளவுக்கு ரூல் குழப்பம், இதெல்லாம் அதுல வரும். ஆனா "கேட்டா தரமாட்டாங்க"ன்னு பொத்தாம்பொதுவா எழுதினா செல்லாது, எந்தத் தேதி, எந்த ஷிப்ட், யாருகிட்ட கேட்டான், அவரு என்ன சொன்னாருன்னு வேணும். பதிலே வரலங்கிறது மட்டும் இந்த விலக்கு ஆகாது, டைம் முடிஞ்சதும் அடுத்த ஃபாரத்தைப் போட்டுடணும்.

அப்புறம், டாக்டர் தப்பா பாத்தாருங்கிறது பத்தாது. தெரிஞ்சும் கண்டுக்காம விட்டாங்கன்னு காட்டணும். இந்த ரூலே 1976ல டெக்சாஸ் கைதி ஒருத்தர் கேஸ்ல வந்ததுதான், பஞ்சு மூட்டை தன் மேல விழுந்து முதுகு போனவரு, கையாலயே எழுதிப் போட்டாரு. ரூல் நின்னுச்சு, அவரு ஜெயிக்கல, பல தடவை டாக்டர் பாத்திருக்காங்களேன்னுட்டாங்க.

அதனால தம்பி சிக் கால் சீட்டு (டாக்டரைப் பாக்கணும்னு குடுக்குற சீட்டு) எழுதுற ஒவ்வொரு தடவையும் அதை அப்படியே ஒரு பேப்பர்ல காப்பி எடுத்து உங்களுக்குப் போஸ்ட் பண்ணட்டும், கவரைக் கிழிச்சுப் போட்டுடாதீங்க, அதுல தேதி முத்திரை இருக்கு.