இசட் டிரைவ் எங்க போச்சு? பைத்தான்ல நெட்வொர்க் ஷேர், உங்க கேள்விகள்

கேள்வி: சார், ஸ்கிரிப்ட்டை நானே ஓட்டினா இசட் டிரைவ்ல இருக்குற எக்செல்லைப் படிக்குது, குறிச்ச நேரத்துல தானா ஓட விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலர்ல போட்டா ஃபைலே இல்லங்குது. ஏன்?

பதில்: நெறைய பேர் மாட்டிக்கிற எடம் இது. இசட்ங்கிறது கம்ப்யூட்டருக்குச் சொந்தமான டிரைவ் இல்லீங்க, சர்வர்ல பகிர்ந்து வச்ச ஃபோல்டருக்கு (அதான் நெட்வொர்க் ஷேர்) நீங்க லாகின் பண்ண செஷனுக்குள்ள மட்டும் வச்ச பட்டப்பேர். ராத்திரி 2 மணிக்கு ஷெட்யூலர் ஓட்டுறது வேற செஷன், அதுக்கு இசட்னா யாருன்னே தெரியாது. அதனால \\சர்வர்\ஷேர் னு முழுப் பாத்தும் குடுங்க. அது மட்டும் பத்தாது, டாஸ்க் எந்த அக்கவுண்ட்ல ஓடுதோ அதுக்கு ஷேர் பெர்மிஷன், என்டிஎஃப்எஸ் பெர்மிஷன் (டிஸ்க்ல அந்த ஃபோல்டர் மேலயே இருக்குற அனுமதி) ரெண்டும் இருக்கணும். விண்டோஸோட சொந்த சிஸ்டம் அக்கவுண்ட்ல ஓட விட்டா, டொமைன் மெஷின்ல (ஆபீஸ் நெட்வொர்க்ல சேர்த்த கம்ப்யூட்டர்) அது உங்க பேர்ல போகாது, மெஷின் பேருக்குப் பின்னாடி டாலர் குறி போட்ட அக்கவுண்டாத்தான் சர்வர் கதவைத் தட்டும். டாஸ்க் செட்டிங்ல பாஸ்வேர்டை சேமிக்க வேணாம்னு ஒரு டிக் இருக்கும் பாருங்க, அதைப் போட்டாலும் ஷேர் கிடைக்காது.

நான் முன்னாடி வேலை பார்த்த எடத்துல இதே கதை, எரர் வந்தா கண்டுக்காம போன்னு கோட்ல எழுதி வச்சிருந்தாங்க, மூணு வாரம் பேக்கப் ஃபோல்டர் காலியா இருந்தது யாருக்கும் தெரியல. அன்னைலேர்ந்து ஸ்கிரிப்ட் ஆரம்பிச்ச உடனே ஹூஆம்ஐ கமாண்ட் ஓட்டி, யார் பேர்ல ஓடுதுன்னு லாக்ல எழுதிடுவேன். நீங்களும் தயவுசெஞ்சு செய்ங்க.

கேள்வி: முழுப் பாத் குடுத்தேன், யூனிகோட் எரர்னு திட்டுது.

பதில்: ஃபோல்டர் பேர் யூசர்ஸா? சாதா ஸ்ட்ரிங்ல பேக்ஸ்லாஷ் பக்கத்துல பெரிய யூ வந்தா பைத்தான் அதை யூனிகோட் எழுத்தோட ஆரம்பம்னு எடுத்துக்கும். சின்ன டீல ஆரம்பிக்கிற டெஸ்ட்னு ஃபோல்டர் இருந்தா இன்னும் மோசம், அங்க டேப் விழுந்துடும், ஆரம்பத்துல இருக்குற ரெண்டு பேக்ஸ்லாஷும் ஒண்ணாயிடும். மேற்கோள் குறிக்கு முன்னாடி சின்ன ஆர் போட்டு ரா ஸ்ட்ரிங்கா எழுதுங்க, ஆனா அது ஒத்தை பேக்ஸ்லாஷ்ல முடியக்கூடாது. விண்டோஸ்ல //சர்வர்/ஷேர் னு எழுதினாலும் ஓடும், நான் அப்படித்தான் எழுதுறேன்.

கேள்வி: எரர் 1219 வருதுண்ணா.

பதில்: ஒரே சர்வருக்கு ரெண்டு யூசர் பேர்ல கனெக்ட் பண்ணப் பாக்குறீங்க தம்பி, விண்டோஸ் விடாது. நெட் யூஸ் கமாண்ட் அடிச்சு பழைய கனெக்‌ஷனை டெலீட் பண்ணிட்டு ஓட்டுங்க.

கேள்வி: லினக்ஸ்லேர்ந்து விண்டோஸ் ஷேரை எப்படி எடுக்குறது?

பதில்: அங்க ரெண்டு பேக்ஸ்லாஷ் பாத்துக்கு அர்த்தமே கிடையாது. ரூட் (அட்மின்) அனுமதி இருந்தா சிஐஎஃப்எஸ் மவுண்ட் போடுங்க, அதாவது ஷேரை லினக்ஸ்ல ஒரு ஃபோல்டரா இணைச்சுக்குங்க, பாஸ்வேர்டைத் தனி ஃபைல்ல வச்சு அதுக்கு 600 பெர்மிஷன் (ஓனர் மட்டும் படிக்க, எழுத) குடுங்க. ரூட் இல்லன்னா பிப்ல எஸ்எம்பிபுரோட்டோகால் லைப்ரரி போட்டா மவுண்ட் இல்லாமலே படிக்கலாம், 445 போர்ட் மட்டும் திறந்திருக்கணும். பழைய நாஸ் பாக்ஸ்னா (நெட்வொர்க்ல மாட்டுற ஸ்டோரேஜ் பெட்டி) அது எஸ்எம்பி 1, அதாவது ஷேர் பேசுற மொழியோட பழைய வெர்ஷன் மட்டும் பேசலாம், அதுக்காக அதை ஆன் பண்ணிடாதீங்க, 2017ல ஃபைலைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை வைரஸ் பரவினது அந்த வழியாத்தான். பாக்ஸோட ஃபர்ம்வேரை அப்டேட் பண்ணிப் பாருங்க, இல்ல பாக்ஸையே மாத்துங்க.

கேள்வி: எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் ஃபைலை ஷேர்ல வச்சு நாலு பேர் எழுதலாமா?

பதில்: வேணாம். நெட்வொர்க் ஷேர்ல ஃபைல் லாக்கிங்கை (ஒருத்தர் எழுதும்போது மத்தவங்களை நிறுத்தி வைக்கிறது) நம்ப முடியாது, டேட்டாபேஸ் கெட்டுப் போயிடும். நாலு பேர் எழுதணும்னா போஸ்ட்கிரெஸ் மாதிரி டேட்டாபேஸ் சர்வர் ஒண்ணு போட்டுக்குங்க.